கால் மணிக்கு ஒரு தரம்

பி.எச். என்று கையெழுத்துப் போட்ட ஆள் தூங்கவே இல்லை.

நோரீன் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். கால் மணிக்கு ஒரு தரம் ஒவ்வொருவருக்கும் மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று பார்த்து, பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டிய தாள்கள். பகல், இரவு, ஈஸ்டர் ஞாயிறு, ஆகஸ்ட் விடுமுறை, எல்லாவற்றிலும் அதே இரண்டு எழுத்து. பதினோரு மாதமாக.

எந்த மனிதரால் முடியும்?

அறிவுசார் மாற்றுத்திறனாளிகள் ஐந்து பேர் வசிக்கும் வீடு அது. அயர்லாந்தில், லீட்ரிம் மலையடிவாரத்தில், மழை விடாமல் நசநசத்துக்கொண்டிருக்கும் ஊர். நோரீன் அரசாங்க ஆய்வாளர். காலையில் சொல்லாமல் கொள்ளாமல் வந்து கதவைத் தட்டியிருந்தாள்.

பொய்த் தாள் எப்படி இருக்கும் என்று அவளுக்கு இப்போது நன்றாகவே தெரியும். ஒரே பேனா, ஒரே மூச்சில் எழுதிய நேர் வரிசை, கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல அத்தனை சுத்தம்.

இது அப்படி இல்லை. ஒன்று நீல மசி, ஒன்று பச்சை. ஒன்றின் மேல் தேநீர் சிந்தியிருந்தது. விடிகாலை மூன்று மணிக் கையெழுத்து கட்டத்தை விட்டு வெளியே சரிந்து கிடந்தது. ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில், நின்றுகொண்டு போட்டது.



ஊழியர் பட்டியலை எடுத்தாள். பி.எச். என்று யாரும் இல்லை.

"யார் இந்த பி.எச்.?"

"வீட்டுலதான் இருக்காங்க, எங்க போயிடப் போறாங்க," என்றான் மேலாளர் ஃபெர்கல். தட்டை அவள் பக்கம் தள்ளினான். "ஸ்கோன் பன்னை எடுத்துக்கங்க, சூடு ஆறிடும்."

அவள் எடுக்கவில்லை. எழுந்து கூடத்துக்குப் போனாள். நான்கு பேர் சத்தம் குறைத்த தொலைக்காட்சியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் கடிகாரம் இல்லை. ஆனாலும் டிக் டிக் என்று ஏதோ கேட்டது. நடைவழியிலிருந்து, மெல்ல மெல்ல, கிட்டே வந்தது.

மணி அடித்தது. சின்ன மணி, முட்டை வேகவைக்கும்போது நேரம் பார்க்க முறுக்கி வைப்பார்களே, அது.

நோரீனின் மூக்குக்குக் கீழே ஓர் உள்ளங்கை வந்து நின்றது.

ஐம்பது வயதிருக்கும் குள்ளமான பெண். கம்பளிச் சட்டை, வீட்டுச் செருப்பு, மறு கையில் அந்த மணி, கண்ணுக்குக் கீழே கரி பூசினது போலக் கருவளையம். நோரீனின் மூச்சு கையில் படும்வரை பொறுமையாக நின்றாள். பட்டதும் தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போனாள். பிறகு அதற்கடுத்தவரிடம். ஒருவரும் முகத்தைத் திருப்பவில்லை. எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது.

கடைசியில் நடைவழி மேசைக்குப் போய், நாக்கைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு, தாளில் இரண்டு எழுத்து எழுதினாள்.

நோரீன் பின்னாலேயே வந்து நின்ற ஃபெர்கலின் பக்கம் திரும்பினாள்.

"ஃபெர்கல், இவங்க ஊழியர் இல்லையே?"

"பிரைடி ஹானன். மூணாம் நம்பர் ரூம்." அவன் பார்வை தரைக்குப் போனது. "போன ஜனவரி, இங்க இருந்த மாலக்கி தவறிப்போனதுலேர்ந்து இப்படித்தான். பேனாவைக் கையில குடுத்தாத்தான் அடங்கறா. எங்களைவிட ஒழுங்காவே பாக்கறா, அதையும் சொல்லணும்ல. அதனால நாங்களும் அப்படியே விட்டுட்டோம்."

"எப்பத் தூங்குறாங்க?"

"நாற்காலியில உக்காந்தபடியே, மணி அடிக்கிறவரைக்கும்."

நோரீனுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போல இருந்தது. அறிக்கையில் ஒரு வரி எழுதினால் போதும், இன்றைக்கே பிரைடியைப் படுக்க வைத்துவிடலாம். ஆனால் இரவுக்குப் பேனா மறுபடி இவன் ஆட்கள் கைக்குப் போகும். அந்த நான்கு பேரின் மூச்சும் அவர்கள் கையில்தான்.

ஆனாலும் சட்டம் சட்டம்தான். அவள் பிரைடியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"இது உங்க வேலை இல்லம்மா. போய்ப் படுங்க. ராத்திரி வேலைக்கு வர்றவங்க பாத்துக்குவாங்க."

"மாலக்கியையும் அவங்கதான் பாத்தாங்க," என்றாள் பிரைடி.

கோபமாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னாள்.

அந்த மரணக் கோப்பை நோரீன் பிறகு படித்திருந்தாள். தூக்கத்தில் வலிப்பு வந்து மாலக்கி இரண்டு மணிக்கே செத்துப்போனான் என்றார் மருத்துவர். அவனுடைய தாளில் காலை ஆறு மணிவரை, கால் மணிக்கு ஒரு தரம், 'நன்றாகத் தூங்குகிறார்' என்று அழகான நேர் வரிசையில் இருந்தது.

பிரைடி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

"நீ முன்னாடியும் வந்தியே. இதே மாதிரி தாளெல்லாம் பாத்தியே. எல்லாம் ரொம்ப நல்லா இருக்குன்னு எழுதி அனுப்பினியே. ஃபெர்கல் எங்களுக்குப் படிச்சுக் காட்டினான். கேக் வெட்டினோம்."

விரல்விட்டு ஏதோ எண்ணிப் பார்த்துக்கொண்டாள்.

"அன்னிக்கு ராத்திரி மாலக்கி ரெண்டு துண்டு தின்னுட்டுத் தூங்கப் போனான்."