பதினோராம் வாசல்

"சாஃப்ட்வேருக்கு வைக்கிற பேரா இது? அழுமூஞ்சி சீரியல் பேரு."

மூன்று மணிக் காபிக்குக் கூடியிருந்த நாலு பேரையும் பார்த்துக் கேட்டாள் மார்கிட். கோதன்பர்க்கில் ஐந்தே பேர் வேலை பார்க்கும் அந்தக் கம்பெனியில் விற்பனை அவள் பொறுப்பு.

எதிரே ஏலோஃப் பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் பொதுச் சலவை அறைக்கு முறை பதிவு செய்கிற சின்ன சாஃப்ட்வேர். ஒரு வருஷம் தனியாக உட்கார்ந்து எழுதியவன் அவன்தான். பெயர் மட்டும் தன் இஷ்டப்படி இருக்கட்டும் என்று கேட்டிருந்தான். வைத்த பெயர் 'பதினோராம் வாசல்'. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் டி.வி.யில் ஓடிய தொடர்.

"எனக்குப் புடிச்ச சீரியல்," என்றான்.

"புடிக்கும், புடிக்கும். ஒருத்தி அழுவா, ஒருத்தி கதவைச் சாத்துவா, தொடரும் போட்டுருவான். மேடை நாடகத்துல இடம் கிடைக்காததுங்க எல்லாம் அதுலதானே வந்து விழுந்துச்சு."

முதலாளி டூரே சிரித்துவிட்டான். மார்கிட்டுக்கு அந்தப் பெயரைக் கேட்டதிலிருந்தே காபி கசந்தது. அதோடு விடுவாளா?

"பேரு மட்டுமா? டூரே, நேரம் முடிஞ்சும் ஒருத்தர் துணியை மெஷின்லயே விட்டுட்டுப் போயிட்டா, நாம என்ன செய்வோம்?"

"தூக்கித் தரையில போட்டுட்டு, கதவுல நல்லா நாலு வார்த்தை எழுதி ஒட்டுவோம்."

"அதான் மனுஷன் செய்யிறது. இவன் சாஃப்ட்வேர் என்ன அனுப்புது தெரியுமா?" மூக்கால் அழுகிற குரலில் ஒப்பித்தாள். "'உங்க துணியை மடிச்சு மேசை மேல வெச்சிருக்கேன். அவசரமில்ல, மெதுவா வாங்க.' எந்த ஊர்ல இப்படிப் பேசுறாங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். ஏலோஃபும் லேசாகச் சிரித்தான்.

"என் யோசனை 'அக்வாலிஸ்'. கை தூக்குங்க."

அந்த ஆபீஸில் காபிப் பொடி மாற்றுவதென்றாலும் கை தூக்க வேண்டும். நாலு கைகள் எழுந்தன. கொஞ்சம் யோசித்துவிட்டு ஏலோஃபும் தூக்கினான். வாயில்லாப் பூச்சி என்று நினைத்துக்கொண்டாள் மார்கிட்.

கோப்பை கழுவுவது அன்று அவள் முறை. மற்றவர்கள் போனபின் ஏலோஃப் வந்து துடைக்கும் துணியை எடுத்துக்கொண்டான்.

"கோவமா?"

"இல்லையே."

"அப்படி என்னதான்டா இருக்கு அந்தக் குப்பையில?"

"முக்கால்வாசி குப்பைதான். நான் பார்த்தது ஒரு மூணு வாரத்துக்காக. அதுல சலவை அறைக்கு ஒரு அக்கா வருவா. யார் துணியை விட்டுட்டுப் போனாலும் மடிச்சு வைப்பா. அந்த வரி அவ சொல்றதுதான்."

மார்கிட் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவினாள்.

"அப்ப எனக்கு எட்டு வயசு. அம்மாவுக்கு ரெண்டு வேலை. எங்க கட்டடத்துல எப்பவும் தரையில கிடக்கிறது எங்க துணிதான். அந்த அக்கா எங்க வாசலுக்கு வரமாட்டாளான்னு இருக்கும். ஆனா நடிக்கத் தெரியலைன்னு பேப்பர்ல எழுதினாங்க. மூணே வாரத்துல தூக்கிட்டாங்க."

"இதை அங்கயே சொல்லியிருக்கலாமே," என்றாள். "பேரை விட்டு வெச்சிருப்பாங்க."

ஏலோஃப் கடைசிக் கோப்பையைத் துடைத்துக் கவிழ்த்தான்.

"சொன்னா டூரே சும்மா இருப்பானா? யாருடா அந்த நடிகைன்னு உடனே போன்ல தேடுவான். உன் படம்தானே வந்திருக்கும், மார்கிட்."