வெள்ளித்துகளுக்குப் போத்துன சால்வை

ஒரு சாக்ஸுக்குள்ள ஒரு வெள்ளித்துகள் இருந்துச்சு. நாத்தம் வராம இருக்க கம்பெனிக்காரங்க நெய்யும்போதே சேக்கிறதுதான், கண்ணுக்கே தெரியாது. சாக்ஸ் வேதமூர்த்தியோடது. ஒரே ஜோடிய ஒன்பது நாள் போடுவான். பொண்ணு பாக்கப் போன வீட்லயும் ஷூவக் கழட்ட மாட்டேன்னுட்டான், அந்தச் சம்பந்தம் அதோட போச்சு. சரி, அத விடுங்க. ஒருநாள் துவைச்ச தண்ணியோட துகள் ஏரிக்கு வந்து சேந்துச்சு.

"வழி விடு. வேதமூர்த்தி கால் நாத்தத்தையே அடக்குனவன் நான். நான் தொட்ட கிருமி பொழைச்சதில்ல"ன்னுச்சு.

ஏரியில மிதந்த பாசி கெஞ்சுச்சு. "ஐயா, என் பிள்ளைங்க நேத்துதான் துளிர்த்துச்சுங்க. தொட்டுராதீங்க."

"தொடத்தான் வந்திருக்கேன்."

பக்கத்துல மக்கிப்போன ஆலிலை ஒண்ணு கெடந்துச்சு. "இவ்வளவு பெரிய மனுஷருக்கு ஒரு சால்வை போத்த வேணாமா?"ன்னு தன்னோட பழுப்புச் சாறை எடுத்துப் போத்திவிட்டுச்சு.

துகளுக்கு வாயெல்லாம் பல்லு. "ஒண்ணுதானா?"

இலை இன்னொண்ணு போத்துச்சு. தண்ணியில இருந்த சுண்ணாம்பு அதுக்கு மேல ஒண்ணு போத்துச்சு. சாக்ஸ்ல இருந்து கூடவே வந்த மத்த துகளுங்க, "எங்களுக்கு?"ன்னு ஓடிவந்து ஒட்டிக்கிச்சுங்க. கனம் தாங்காம எல்லாம் மெல்ல அடியில இறங்குச்சுங்க. அங்க சேறு கறுப்புச் சால்வையோட காத்திருந்துச்சு.

மேல பாசி இன்னொரு துளிர் விட்டுச்சு.

கீழ துகள் நத்தைகிட்ட சொல்லிட்டிருந்துச்சு: "பாத்தியா, இந்த ஏரியில என்னை நிக்கவே விடல. உக்கார வெச்சுதான் மரியாதை பண்றாங்க."