ஒரு டப்பா மண்

மெக்கானிக் முதுகைத் தரையில் தேய்த்துக்கொண்டு என் காருக்கு அடியில் போனார். கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன.

அன்று காலைதான் அதைப் பார்த்தேன். முன்சக்கரங்களுக்கு நடுவே தரையில் பச்சையாக ஒரு திட்டு. உள்ளங்கை அகலம் இருக்கும்.

"இது இன்னைக்கு நேத்து ஒழுகறது இல்லீங்கய்யா. ரொம்ப நாளாவே ஒழுகுது," என்று அடியிலிருந்து குரல் வந்தது.

இருக்காது என்றேன். எஞ்சின் சூட்டைத் தணிக்கும் அந்தப் பச்சைக் கூலன்ட் வாரத்துக்கு ஒருமுறை குறையும், நானே ஊற்றி நிரப்புவேன். வயதான வண்டி, கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும். தரையில் ஒரு சொட்டுகூட நான் கண்டதில்லை.

அப்பா வாங்கிய கார். மூத்தவன் என்பதால் எனக்கு வந்தது. வீட்டில் பாதி தம்பிக்குப் போனது. நடுவில் இடுப்பளவுச் சுவர். காரை எப்போதும் அந்தச் சுவரை ஒட்டித்தான் நிறுத்துவேன்.

தம்பி பஸ் டெப்போவில் முப்பது வருடம் ஸ்பானர் பிடித்தவன். இருந்தும் இந்தக் காரில் அவன் கை பட நான் விட்டதில்லை. எங்கள் அப்பாவின் மகன் தெருவில் கிரீஸும் கையுமாகப் படுத்துக் கிடப்பதை நாலு பேர் பார்க்க வேண்டுமா?

மெக்கானிக் வெளியே வந்து ரேடியேட்டர் மூடியைக் கழற்றினார். அந்த இடத்தில் ஒரு கைப்பம்பைப் பொருத்திக் காற்றை ஏற்றினார். பம்பில் அழுத்தம் காட்டும் முள் ஏறி நின்றது. பிறகு மெல்ல இறங்கத் தொடங்கியது.

இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கீழ் ரப்பர் ஹோஸுங்கய்யா. கிளாம்ப் ஓரமா வெடிச்சிருக்கு."

பழைய ஹோஸை உருவியபோது, வாளி வைத்திருந்தும் கொஞ்சம் தரையில் சிந்தியது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். சுவர்மேல் துருப்பிடித்த பால்பவுடர் டப்பா ஒன்று. அதில் பாதிக்குமேல் மண்.

"அத எடுக்காதப்பா," என்று நான் சொல்வதற்குள் எடுத்துவிட்டார்.

அது என் தம்பியின் டப்பா.

எங்கள் துரை செத்துப் பதினொரு மாதம் ஆகிறது. இந்த வீட்டில் என் சொல்லை மறுபேச்சில்லாமல் கேட்ட ஒரே ஜீவன் அந்த நாய்தான். ஒருநாள் காலையில் குடித்தவன்போலத் தள்ளாடியது. வாந்தி எடுத்தது. மூன்றாம் நாள் போய்விட்டது. விஷம் என்றார் கால்நடை மருத்துவர்.

"இந்த நாய ஒருநாள் வெஷம் வச்சுக் கொல்லப் போறேன் பாரு!" நைட் ஷிப்ட் முடித்து வந்து தூங்க முடியாமல் தம்பி சுவருக்கு அந்தப் பக்கம் கத்தியதைத் தெருவே கேட்டிருக்கிறது.

உறவுக்காரர்களைக் கூட்டினேன். தம்பி தன் பேத்தியின் தலையில் கைவைத்து, "நான் செய்யலண்ணே," என்றான். பொய்ச்சத்தியம் என்றேன். இனி அவன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அடுத்த வாரம் அது தொடங்கியது. விடிந்ததும் விடியாததுமாகச் சுவருக்கு மேல் குனிந்து, அந்த டப்பாவிலிருந்து மண்ணை வாரி என் காருக்கு அடியில் போடுவான். ஜன்னல் வழியாக என் கண்ணால் பார்த்தேன். மண்ணை வாரித் தூற்றுகிறான். எங்கள் குடும்பம் மண்ணாய்ப் போகட்டும் என்கிறான். பதிலுக்கு மண் வாரும் புத்தி எனக்கில்லை. கூட்டிக் கொட்டச் சொல்லி மனைவியை அனுப்புவேன்.

"மண்ணு ஈரமா இருக்குங்க," என்றாள் ஒருமுறை.

எதைக் கலந்து போடுகிறானோ, கையால் தொடாதே என்றேன்.

மூன்று நாளைக்கு முன் தன் பாதியை விற்றுவிட்டு மகனோடு போய்விட்டான். கிளம்பும்போது என் வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். நான் கதவைத் திறக்கவில்லை. அவன் போன பிறகு பார்த்தேன். டப்பா சுவர்மேல், என் பக்கத்து ஓரத்தில் இருந்தது.

மெக்கானிக் சிந்திய இடத்தில் மண்ணைக் கொட்டிக் காலால் பரப்பினார்.

"மண்ணெல்லாம் ரெடியா வச்சிருக்கீங்களே! டெப்போ ஆளுங்கதான் இப்படிச் செய்வாங்க. சொட்டினா உடனே மூடிடணும்யா. இந்தக் கூலன்ட் இனிக்கும். நாய், பூனை நக்கிடுச்சுன்னா முடிஞ்சது. குடிகாரன் மாதிரி தள்ளாடும், ரெண்டு மூணு நாள்ல கிட்னி போயிடும்."

நான் காரின்மேல் கையை ஊன்றிக்கொண்டேன்.

தெருவில் குட்டி போட்ட நாய் ஒன்று இரண்டு மாதமாக இந்தக் காரின் நிழலில்தான் படுத்துக் கிடக்கிறது. நான்கு குட்டிகள். நான்கும் கொழுகொழுவென்று இருக்கின்றன.

தம்பிக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்த பிறகும் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்திருந்தால் எந்த உறவுக்காரர் முன்னால் நான் தலைநிமிர்ந்து நடந்திருப்பேன்?

மெக்கானிக் புது ஹோஸை மாட்டி, கிளாம்பை இறுக்கி, கூலன்ட் ஊற்றினார். மீண்டும் பம்பைப் பொருத்திக் காற்றை ஏற்றினார். முள் ஏறி நின்றது.

"இனி ஒரு சொட்டு விழாது. மண்ணும் போட வேணாம்." டப்பாவைச் சுவரில் இருந்த இடத்திலேயே வைத்தார். "வாயில்லா ஜீவனுக்காக யாருங்கய்யா இவ்வளவு மெனக்கெடுறாங்க? தினமும் நீங்கதான் போட்டீங்களா?"

மனைவி வாசற்படியில் நின்றிருந்தாள், கையில் துடைப்பத்தோடு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

முள் அசையவில்லை.

"ஆமா," என்றேன்.