இலவச மைக்

ஜெசிந்தா தன் வாடகை அறையின் துணி அலமாரியைக் காலி செய்து, உள்ளே பழைய மெத்தையைக் கிழித்து ஒட்டி ஸ்டுடியோ ஆக்கினாள். மைக் வாங்கத்தான் வழியில்லை. அதை இலவசமாகத் தந்த ஒரு நிறுவனத்துக்கு, தன் குரலை விளம்பரத்துக்குப் பயன்படுத்த அனுமதி கொடுத்தாள். அவர்கள் கணினியில் நகலெடுத்த அவள் குரலிலேயே, அவள் பெயரிலேயே, அவள் எண்ணிலிருந்து வருவது போலவே, அவளுடைய சொந்தக்காரர்களை அழைத்துப் பொருள் விற்றார்கள்.

முதல் பாட்டைப் பதிவு செய்ததும் தூத்துக்குடியிலிருந்த அப்பாவை ஆசையாக அழைத்தாள்.

"அப்பா, ஜெசி பேசுதேன். என் பாட்டு ரெடியாயிட்டு, கேக்கியளா?"

அவள் பாடினாள். பல்லவி முடியும்வரை கேட்டார்.

"எம்மவ மாதிரியே பாடுத," என்றார்.

"நாந்தாம்ப்பா!"

"ஒவ்வொரு தடவையும் இதத்தான் சொல்லுத. நானும் நம்பி நம்பி ஏமாந்துட்டேம்மா. இனிமே கூப்பிடாத."

போனை வைத்துவிட்டார். அவள் மறுபடி அழைத்தபோது, அவளுடைய எண்ணையே தடை செய்திருந்தார்.