இறக்கைக்குள் இரண்டு தட்டு

விமானத்தின் இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் தொட்டியில் கசிவை அடைக்க மச்சான் ஊர்ந்து போனான். அவனுடைய அக்காள் கணவர், பட்டறை முழுவதற்குமே அத்தான், வெளியே காவல் நின்றார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் இறக்கையில் ஒரு தட்டு தட்டுவார். உள்ளிருந்து இரண்டு தட்டு வந்தால் ஆள் நலம். மூன்று வந்தால் உடனே வெளியே இழுக்க வேண்டும்.

பதினோரு முறை தட்டினார். பதினோரு முறையும் இரண்டு வந்தது. தாளில் குறித்துக்கொண்டார்.

மச்சான் வியர்வையில் குளித்து வெளியே வந்தான். "டீ குடிக்கப் போயிட்டீங்களா அத்தான்? ஒரு தடவகூடத் தட்டலையே!"

"விளையாடாதடா. நீதானே பதிலுக்குத் தட்டினே?"

"நானா? ரெண்டு கையும் பசையில இருந்துச்சு."

அத்தான் சிரித்துக்கொண்டே இறக்கையில் ஒரு தட்டு தட்டிக் காட்டினார்.

உள்ளிருந்து இரண்டு வந்தது.

டார்ச் அடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்தார்கள். எரிபொருள் வாடையைத் தவிர ஒன்றுமில்லை. சூப்பர்வைசர் தாளைப் புரட்டினார். "போனது ஒருத்தர், வந்தது ஒருத்தர். மூடுங்கப்பா, சாயங்காலம் ஃப்ளைட் போகணும்."

இருவரும் தொட்டி மூடியின் திருகுகளை முடுக்கினார்கள். கடைசித் திருகு இறுகியதும், யாரும் கேட்காமலே உள்ளிருந்து தட்டும் சத்தம் வந்தது. அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்.

மூன்று.