தார் பூசின போர்டு

"எவம்லே இந்தக் காரியத்தைச் செஞ்சது?"

ஆபீசர் பாண்டிராஜ் போட்ட சத்தத்தில் கிளார்க் வள்ளிமயில் பூத்தட்டோடு வாசலுக்கு ஓடிவந்தாள்.

எட்டயபுரம் ரோட்டில் இருக்கிற அந்த வன ஆராய்ச்சி ஆபீசுக்கு இன்றைக்குப் பொன்விழா. சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்துகொண்டிருக்கிறார். அவருக்குக் காட்டத்தான் வாசலில் புது போர்டு. ஆரம்பித்த நாளிலிருந்து ஆபீசுக்கு அரசாங்கம் மாற்றி மாற்றி வைத்த பேரெல்லாம் அதில் வரிசையாக இருந்தது.

இருந்தது, நேற்று வரைக்கும். இப்போது பழைய பேர்கள் மேலெல்லாம் கன்னங்கரேலென்று தார். கடைசியில் இருக்கிற இன்றைய பேர் மட்டும் தப்பியிருந்தது.

மரத்துக்கு நம்பர் எழுதுகிற தார் டப்பா வாட்ச்சர் பூவனலிங்கத்திடம்தான் இருக்கும். வேறு சாட்சி எதற்கு? அவர் விரலிடுக்கிலேயே தார் ஒட்டிக்கொண்டிருந்ததே!

"இத்தனை வருசம் சோறு போட்ட ஆபீஸ் வே! பெர்மனெண்ட் ஆக்கலன்னு இப்படியா ஆத்திரத்தைக் காட்டுவீரு?"

பூவனலிங்கம், ஆபீசுக்கு இரண்டாவது பேர் இருந்த காலத்தில் இளவட்டமாகத் தினக்கூலிக்கு வந்தவர். வானம் பார்த்த கரிசலில் அவர் குடம் சுமந்து ஊற்றிய வேம்பும் வாகையும்தான் இன்றைக்குத் தோப்பாக நிற்கிறது. இந்த மாசத்தோடு வெறுங்கையாக வீட்டுக்குப் போகிறார். பென்ஷன் கிடையாது.

போன வாரம் கடைசியாக ஒருதடவை கெஞ்சிப் பார்த்தார். ஆபீசர் ஒரேயடியாக முடியாது என்றுவிட்டார். வள்ளிமயில் பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. அது அவள் மனசை இன்னமும் அறுத்துக்கொண்டிருக்கிறது.

"அண்ணாச்சி, தெரியாமச் செஞ்சுட்டேன்னு சொல்லிருங்க. போலீசு கீலீசுன்னு போயிரப் போறாவ."

"தெரிஞ்சுதான் தாயி செஞ்சேன்."

"திமிரைப் பாத்தியளா!" ஆபீசர் குதித்தார். "அம்பது வருசச் சரித்திரம் வே இது! பேருதான் மாறியிருக்கு, ஆபீஸ் அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான்!"

பூவனலிங்கம் மெதுவாக நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

"அப்படியா சார்? பேரு மாறுன அன்னைக்கே பழைய ஆபீஸ் செத்துப்போச்சு, அங்கன பாத்த வேலையெல்லாம் கணக்குல வராதுன்னு போன வாரம் நீங்கதான சொன்னீய? செத்துப்போனதுக்கு எதுக்கு விழான்னுதான் அழிச்சேன்."