ரேவின் தைத்த போர்வை

"இது குழந்தைத் தலைக்கா, கன்னுக்குட்டித் தலைக்கா?" என்று கேட்டார் ஐவன்.

"மெதுவாப் பேசு. ஜன்னல் திறந்திருக்கு" என்று புருஷனை அடக்கினாள் ரேவின்.

சாப்பாட்டு மேசையில் கிடந்தது, அவளுடைய சிநேகிதி க்ளெனிஸ் பின்னிக் கொடுத்த குல்லா. லட்சணமான முக்கோணமாக வந்திருக்க வேண்டியது. ஒரு பக்கம் நீண்டு, மறுபக்கம் சுருங்கி, நடுவில் கண்ணி நழுவி, ஒரு விரல் தாராளமாக நுழைகிற ஓட்டையோடு இருந்தது. ஐவன் விரலை விட்டும் பார்த்துவிட்டார்.

வின்டன் என்கிற அந்தச் சின்ன ஊரில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும், சர்ச் ஹாலில் கூடும் பின்னல் குழுவிலிருந்து குல்லா வைத்த கம்பளிப் போர்வை ஒன்று போய்விடும். நாலு பேர் ஆளுக்கொரு சதுரம் பின்னுவார்கள். இன்னொருத்தி மூலையில் வைக்கிற குல்லா. யாருக்கு எது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். துண்டுகளைச் சேர்த்துத் தைப்பது எப்போதும் ரேவின்தான். தைத்ததைத் துவைத்து, காயவைத்து, கொண்டுவருவது க்ளெனிஸ்.

க்ளெனிஸ் பங்குக்குச் சதுரம் வரும்போதெல்லாம் ரேவின் அதை ஓசைப்படாமல் எடுத்து அலமாரியில் போட்டுவிட்டு, தானே ஒன்று பின்னி வைத்துத் தைத்துவிடுவாள். வருஷக்கணக்காக நடக்கிற கூத்து. இந்தத் தடவை பாழாய்ப்போன சீட்டு, குல்லாவையே க்ளெனிஸ் கையில் கொடுத்துவிட்டது.

"பின்னல் உனக்கு வரலைன்னு அவகிட்டயே சொல்லிட வேண்டியதுதானே?" என்றார் ஐவன்.

"சொன்னா அப்புறம் நம்ம வீட்டுப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டா. ரோஷக்காரி. பள்ளிக்கூடத்துல இருந்து எனக்குன்னு இருக்கறது அவ ஒருத்திதான்."

"சரி, துவைக்கும்போது கண்டுபிடிச்சுட்டா?"

"அவளா? நம்ம கையா இவ்வளவு அழகாப் பின்னிச்சுன்னு பூரிச்சுப் போயிடுவா."

தன்னுடைய பெரிய மனசை நினைத்து ரேவினுக்கே லேசாகக் கண் கலங்கியது. இந்த ஊரில் யார் செய்வார்கள் இதையெல்லாம்?

புதுக் குல்லா பின்னி முடித்து, நாலு சதுரத்தையும் சேர்த்து, குல்லாவையும் வைத்துத் தைக்க உட்கார்ந்தாள். தைப்பது என்றால் அவளுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போகும். கல்யாணத்துக்கு முன்னால் ஆட்டு ரோமம் கத்தரிக்கிற கொட்டகையில் கம்பளி மூட்டை தைத்த கை அது. ஒவ்வொரு தையலுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு நூலை இழுத்தாள்.

"குழந்தையைப் போர்த்தத்தானே? இல்ல, மூட்டை கட்டிக் கப்பல்ல ஏத்தப் போறாங்களா?" என்றார் ஐவன்.

"உனக்கு என்ன தெரியும்? என் தையல் இதுவரைக்கும் பிரிஞ்சதா சரித்திரம் இல்ல."

சனிக்கிழமை ஹால் முழுக்க ஜனம். பள்ளி பஸ் ஓட்டுகிற கிர்ஸ்டியின் குழந்தை என்றால் கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? சுடச்சுட சீஸ் ரோல் தட்டுத் தட்டாக வந்துகொண்டிருந்தது. கிர்ஸ்டி குழந்தையைப் போர்வையில் சுற்றி, குல்லாவைத் தலையில் மாட்டினாள். கச்சிதமாக உட்கார்ந்தது. குழந்தை ஒரு கொட்டாவி விட்டதும் ஹாலே உருகிப் போனது.

"குல்லா யாரு பின்னினது?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"நான்தான்" என்றாள் க்ளெனிஸ், கொஞ்சமும் கூசாமல். "டிவியில ரக்பி பாத்துக்கிட்டே முடிச்சுட்டேன்."

ஐவனுக்கு சீஸ் ரோல் புரையேறியது. ரேவின் மேசைக்கு அடியில் அவர் காலை ஓங்கி மிதித்தாள்.

"தையல் போட்ட இடமே தெரியல ரேவின் ஆன்ட்டி" என்றாள் கிர்ஸ்டி. "தடவிப் பாத்தாக்கூட உறுத்தல. பிஞ்சுத் தலைக்கு இப்படித்தான் இருக்கணும்."

"எல்லாம் கைப்பழக்கம்மா" என்றாள் ரேவின். சொல்லிவிட்டு அவளும் ஒருமுறை தடவிப் பார்த்தாள். வெண்ணெய் மாதிரி இருந்தது. தான் இவ்வளவு கெட்டிக்காரி என்று அவளுக்கே அதுவரை தெரியாது. அந்தச் சந்தோஷத்தில் இன்னொரு சீஸ் ரோலை எடுத்தாள்.

கிர்ஸ்டி குழந்தையோடு அடுத்த மேசைக்கு நகர்ந்தாள். க்ளெனிஸின் புருஷன் மர்ரி டீ கெண்டியோடு வந்து சேர்ந்தார்.

"அப்பாடா, போர்வை போய்ச் சேந்துச்சா? இனிமேலாவது எங்க வீட்டு மேசையில நான் உக்காந்து சாப்பிடலாம். ஒவ்வொரு தடவையும் உன்னோட தையலைப் பிரிச்சு மறுபடி தைக்கறதுக்குள்ள இவளுக்குக் கண்ணே பூத்துப் போயிடுது ரேவின். அவ்வளவு இறுக்கமாவா தைப்பாங்க?"

க்ளெனிஸ் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"அதைச் சொல்லக் கூடாதோ?" என்ற மர்ரி, கெண்டியைத் தூக்கிக்கொண்டு வேறு மேசை பார்த்து நடையைக் கட்டினார்.

ரேவினின் முகம் சிவந்தது. அவமானம், கோபம், அழுகை எல்லாம் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தது. ஐவன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

"ஏண்டி, என் தையலையா பிரிச்சே? ஒவ்வொரு போர்வையிலயும்?"

"ம்."

"இத்தனை வருஷமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

க்ளெனிஸ் தன் தட்டிலிருந்த கடைசி சீஸ் ரோலை எடுத்து ரேவினின் தட்டில் வைத்தாள்.

"நான் பின்னினதெல்லாம் எங்கடி போகுதுன்னு நான் என்னிக்காவது உன்னைக் கேட்டேனா?"